பத்தொன்பது வயது மூப்பர்

தைபே நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் ஏழெட்டு வெள்ளைச் சட்டைகள் வரிசையாகக் காய்கின்றன. கீழே இரண்டு சைக்கிள்கள், அவற்றின் மேல் இரண்டு ஹெல்மெட்டுகள். உள்ளே குடியிருப்பவர்கள் மார்மன் சபையின் மிஷனரிப் பையன்கள் என்பது தெருவுக்கே தெரியும். இத்தனை துணி காய்கிறது என்றால் அன்று பெரும்பாலும் திங்கட்கிழமை.

அது அவர்களுக்குத் தயாரிப்பு நாள். துவைப்பது, முடி வெட்டிக்கொள்வது, காய்கறி வாங்குவது, ஊரைச் சுற்றிப் பார்ப்பது, வீட்டுக்குப் பேசுவது எல்லாம் அன்று மாலைக்குள் முடிந்தாக வேண்டும். வீட்டுக்குப் பேசுவதே புதிய சலுகைதான். 2019 பிப்ரவரி வரை ஒரு மிஷனரி பெற்றோரின் குரலைக் கேட்க ஆண்டுக்கு இரண்டே நாட்கள் இருந்தன: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்ற நாட்களுக்கு மின்னஞ்சல் போதும் என்பது விதி. பதினெட்டு வயதில் கிளம்பிய பிள்ளை, இருபதில் திரும்பி வரும்வரை அம்மாவிடம் நான்கு முறை பேசியிருந்தால் பெரிது. இப்போது வாரம் ஒரு முறை பேசலாம். சபைத் தலைமை அண்மைக் காலத்தில் எடுத்த முடிவுகளில் இதைவிட மனிதத்தன்மை உள்ளது வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

ஜோசப் ஸ்மித் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது. தலைமையகம் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி. ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்று முழுப்பெயரைச் சொல்லுங்கள், மார்மன் என்று அழைக்காதீர்கள் என அதன் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். உலகத்தின் நாக்கு இன்னும் பழகவில்லை. இந்தக் கட்டுரையின் நாக்கும்தான்.

ஆண்கள் இரண்டு ஆண்டு, பெண்கள் பதினெட்டு மாதம் ஊழியத்துக்குப் போகிறார்கள். ஆண்களுக்கு 19 ஆக இருந்த குறைந்தபட்ச வயதை 2012இல் 18 ஆக்கினார்கள். எந்த நாடு, எந்த ஊர் என்பதைத் தலைமையகம் முடிவு செய்யும். விண்ணப்பித்தவருக்குக் கடிதம் வந்தால்தான் தெரியும். சம்பளம் கிடையாது. அமெரிக்கக் குடும்பங்கள் மாதம் 500 டாலர், நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல், தாங்களே கட்டுகின்றன. தைவானுக்கு என்று விழுந்தால் யூட்டாவின் புரோவோ நகரப் பயிற்சி மையத்தில் சில வாரங்கள் சீனமொழி. பிறகு விமானம்.

தைபேயில் இறங்கியதும் அவருடைய சொந்தப் பெயர் பெட்டிக்குள் போய்விடும். கறுப்புப் பெயர்ப்பட்டையில் ‘எல்டர்’ என்ற பட்டமும் குடும்பப் பெயரும் இருக்கும். சீனமொழியில் அது ‘ஜாங்லாவ்’. நம் சபைகளில் சொல்வதுபோல் மூப்பர். முகப்பரு ஆறாத பையனைத் தலை நரைத்த கடைக்காரர் மூப்பர் என்று அழைக்கும் காட்சியைத் தைவான் 1956 முதல் பார்த்துவருகிறது. அந்த ஆண்டுதான் முதல் நான்கு பேர் அங்கே வந்து இறங்கினார்கள். தைபேயில் சபையின் ஆலயம் எழுந்தது 1984இல்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு எழ வேண்டும். இரவு பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும். நடுவில் உடற்பயிற்சி, வேதபாடம், மொழிப்பாடம், பிறகு வெயிலில் சைக்கிள். எங்கே போனாலும் சபை நியமித்த துணை ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பிடிக்காத துணை அமைந்துவிட்டால், ஆறு வாரத்துக்கு ஒரு முறை வரும் இடமாற்றப் பட்டியலுக்குக் காத்திருப்பதே வழி. கல்யாணத்துக்கு முன்பே கூட்டுக்குடித்தனத்தின் கஷ்டம் முழுவதும் பழகிவிடும்.

தைவானில் இந்தப் பையனுக்கு ஏற்படும் பெரிய சங்கடம் மதம் பற்றியது அல்ல, தேநீர் பற்றியது. கதவைத் திறக்கும் பாட்டி முதலில் நீட்டுவது தேநீர்க் கிண்ணம். சந்தையில் சந்திக்கும் மாணவன் வாங்கித் தருவது, அந்தத் தீவு உலகுக்குக் கொடுத்த முத்துத் தேநீர். 1833இல் ஜோசப் ஸ்மித் தந்த ஆரோக்கிய விதியின்படி மது, புகையிலை, காபி, தேநீர் நான்கும் விலக்கு. பச்சைத் தேநீரும் குளிர்ந்த தேநீரும் அதில் சேர்த்திதான் என்று சபையின் இதழ் 2019இல் தெளிவாக்கிவிட்டது. வீட்டுக்கு வந்தவர் காபி வேண்டாம் என்றால் நம் ஊர்களில் முகம் சுருங்குமே, அந்தச் சுருக்கத்தை ஒரு நாளில் பல முறை பார்க்கும் வேலை இது.

இனி சேவைக்கு வருவோம். இந்தச் சபையின் பேச்சில் இரண்டு ஆண்டும் சேவைதான். கதவு தட்டுவது, பேருந்து நிறுத்தத்தில் பேச்சுக் கொடுப்பது, சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தைக் கையில் திணிப்பது எல்லாம் அதில் அடக்கம். நாம் சேவை என்று சொல்வது வேறு: முதியவர் வீட்டைச் சுத்தம் செய்வது, புயலுக்குப் பிறகு மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு சேறு அள்ளுவது. அதற்குப் பழைய கையேடு ஒதுக்கியது வாரத்துக்கு நான்கு மணி நேரம் வரை. மீதிப் பொழுது பிரசங்கத்துக்கு. ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுக் குலுக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது இலவச ஆங்கில வகுப்பு. வாரம் ஒரு மாலை, சபைக் கட்டடத்தில். வருபவர்கள் மாணவர்கள், அலுவலர்கள், ஓய்வுபெற்றவர்கள். டியூஷனுக்குப் பெரும் பணம் செலவழிக்கும் ஊரில் அமெரிக்கர் வாயிலிருந்து காசில்லாமல் ஆங்கிலம் கேட்பது சிறிய உதவி அல்ல. பல இடங்களில் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் ஆன்மிகச் சிந்தனைக்கு. தூண்டிலில் புழுவா, விருந்துக்குப் பின் வெற்றிலையா? முன்கூட்டியே சொல்லிவிட்டால் வெற்றிலை. சொல்லாமல் நுழைத்தால் புழு. மார்பில் பெயர்ப்பட்டை இருக்கும்வரை தைவான்காரருக்கு ஏமாற்றம் இல்லை. ரஷ்யாவில் கதை வேறு. 2016இல் வந்த சட்டம் தெருப் பிரசாரத்தைத் தடுத்ததும் மிஷனரிகள் அங்கே ‘தன்னார்வலர்’ ஆனார்கள். 2019இல் நவராசிஸ்க் நகரில் உரிமம் இல்லாமல் ஆங்கிலம் கற்பித்ததாகச் சொல்லி இரண்டு அமெரிக்க இளைஞர்களைப் பிடித்து, பிறகு நாடு கடத்தினார்கள். ரஷ்ய அரசின் கெடுபிடியை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பட்டையை மாற்றியதால் சந்தேகம் குறையவில்லை.

பதினெட்டு வயதுக்கு உரிய விளையாட்டுத்தனமும் கூடவே பயணம் செய்கிறது. 1972இல் தாய்லாந்தில் ஒரு மிஷனரி புத்தர் சிலையின் தலைமேல் ஏறி உட்கார, இன்னொருவர் படம் எடுத்தார். படம் நாளிதழ்களில் வந்தது. இருவரும் ஆறு மாதம் சிறையில் இருந்தார்கள். நாட்டின் மொழியைச் சில வாரத்தில் கற்பிக்கலாம்; அதன் மரியாதைகளைக் கற்பிக்க அவ்வளவு காலம் போதாது.

பலன் என்ன? 2024இல் உலகம் முழுக்க 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட மிஷனரிகள் உழைத்தும் சபையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று லட்சம் பேர் அளவில்தான். ஒருவருக்கு ஆண்டுக்கு நான்கு பேர். தினமும் பத்து மணி நேரம் விற்றும் ஆண்டுக்கு நான்கு உருப்படி விற்கும் விற்பனையாளரை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளாது. அப்படியும் சபை விடாமல் அனுப்புவதற்குக் காரணம், மாறுபவர் எதிர்வீட்டுக்காரர் என்பதைவிட அனுப்பப்பட்ட பையன் என்பதுதான். தைவானில் மிஷனரியாக இருந்த ஜான் ஹன்ட்ஸ்மன், அங்கே கற்ற சீனமொழியோடு பின்னாளில் யூட்டாவின் ஆளுநராகவும், பிறகு சீனாவுக்கான அமெரிக்கத் தூதராகவும் ஆனார். யூட்டா பள்ளிகளில் சீனமொழியிலேயே பாடம் நடத்தும் திட்டம் வேர்பிடித்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

நமக்கும் இந்தப் படையெடுப்பு புதிதல்ல. 1853இல் ரிச்சர்ட் பேலன்டைன் என்பவர் தோழர்களோடு கப்பலேறி சென்னப்பட்டணம் வந்தார். கையில் காசு கொண்டுவராமல் ஊழியம் செய்வது அன்றைய வழக்கம். பத்திரிகைகூட அச்சிட்டார். சொற்ப ஆட்களே சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே கிளம்பிவிட்டார். அந்தச் சபைதான் 2018இல் பெங்களூருவில் ஆலயம் கட்டப்போவதாக அறிவித்தது.

சேவை மிஷனரி என்று இன்னொரு பிரிவும் சபையில் உண்டு. உடல்நலமோ மனநலமோ இடம் தராத இளைஞர்கள் சொந்த வீட்டில் இருந்தபடி, உணவு வங்கிகளிலும் தொண்டு அமைப்புகளிலும் வேலை செய்கிறார்கள். பிரசங்கம் இல்லை. ஆனால் சபைக் குடும்பங்கள் பலவற்றில் அது இரண்டாம் பந்தியாகவே பார்க்கப்படுகிறது. வெளிநாடு போய்ப் பாதியில் திரும்பிய பையனின் நிலை இன்னும் மோசம். பந்தியை மாற்றிப் போட வேண்டும். தைபே தெருவில் யாருக்கும் குறை சொல்லத் தோன்றாத நேரம், மிஷனரிப் பையன் புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டுத் துடைப்பம் பிடித்திருக்கும் நேரம்தான். நான்கு மணி நேரத்தை நாற்பதாக்க சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். 2019இல் அம்மாக்களுக்குத் தொலைபேசி கிடைத்ததும் அப்படித்தான்.