கணினி ஏன் களைத்துப்போகிறது?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, கந்தப்பளையை அடுத்த தோட்டமொன்றிலே வாழும் மாணவன் ஒருவனின் வீட்டுக்கு நாம் செல்ல நேர்ந்தது. உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பவன் அவன். லயக் காம்பராவின் ஒரு மூலையிலே, சுவாமி படங்களுக்குக் கீழே, பூப்போட்ட துணியால் மூடப்பெற்று ஒரு பழைய கணினி வீற்றிருந்தது. பையன் அதனை இயக்கினான். தாயார் தந்த தேநீரை நாம் அருந்தி முடித்தோம். கணினி இன்னும் விழித்தபாடில்லை.

"டவுன்ல ஒரு கடையில காட்டினோம் ஐயா. இதுக்கு வயசாகிப் போச்சு, புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டாங்க. தோட்டை அடகு வைக்கலாம்னு இருக்கேன்," என்றார் அந்த அம்மாள்.

2024-ம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய கூலியிலே ஒரு கணினி வாங்க எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டுமென்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஆதலின், அடகுக் கடைக்குப் போகுமுன், கணினியின் களைப்புக்குக் காரணம் வயதுதானா என்று ஆராயத் தலைப்பட்டோம்.

கணினியிலே தகவல்களை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ரேம் என்று வழங்கும் நினைவகம், மற்றது வன்தட்டு. நினைவகம் நாம் படிக்கும் மேசை போன்றது. வன்தட்டு கட்டிலுக்கடியிலே கிடக்கும் தகரப் பெட்டி போன்றது. மேசை சிறிது, எனினும் கை நீட்டியதும் புத்தகம் அகப்படும். பெட்டி பெரிது, ஆனால் குனிந்து, இழுத்து, திறந்து, தேடியெடுக்க வேண்டும். மேசை நிரம்பிய பின்னர் இன்னொரு புத்தகம் வேண்டுமாயின் என் செய்வோம்? அப்போதைக்கு வேண்டாத ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்வோம். கணினியும் இதனையே செய்கின்றது. வன்தட்டின் ஒரு பகுதியை நினைவகத்தின் நீட்சியாகக் கொள்ளும் இம்முறையையே மெய்நிகர் நினைவகம் என்பர்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலே, ரொம் கில்பேர்ன் தலைமையிலான குழுவினர் உருவாக்கி 1962-ம் ஆண்டு தொடக்கிவைத்த அட்லஸ் என்னும் கணினியிலே இம்முறை கையாளப்பெற்றுப் புகழடைந்தது. அதன் விரைவான நினைவகத்திலே 16,384 எண்களை வைக்கவே இடமிருந்தது. சுழலும் காந்த உருளைகளிலோ அதனைப்போல் ஆறு மடங்கு இடமிருந்தது. இரண்டையும் ஒரே களஞ்சியம்போலத் தோன்றச் செய்தனர் அவ்வறிஞர். நினைவகம் பெரும் விலை விற்ற காலத்திலே, இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுவதற்குப் பிறந்த உபாயம் அது.

ஆனால் உபாயத்துக்கும் ஓர் எல்லையுண்டு. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வன்தட்டுக்கு, வேண்டிய இடத்தைச் சென்றடைய ஒரு செக்கனின் நூறிலொரு பங்குக்கு மேற் செல்லும். நினைவகத்துக்கோ கோடியிலொரு பங்களவே போதும். மேசையிலிருந்து எடுக்க ஒரு செக்கன் ஆகுமெனில், பெட்டியிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேலாகும்! மேசை மிகச் சிறிதாகவும் விரித்த புத்தகங்கள் பலவாகவும் இருப்பின், எடுப்பதும் வைப்பதுமாகவே பொழுது கழியும், படிப்பு நடவாது. இந்நிலையைப் பீற்றர் டெனிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1968-ம் ஆண்டிலேயே ஆராய்ந்து விளக்கினார். நம் மாணவனின் கணினியிலே நினைவகம் இரண்டு ஜிகாபைற்று; அதன் மேலோ வைரஸ் தடுப்பு நிரல்கள் இரண்டு, தாமாகவே தொடங்கும் நிரல்கள் ஒன்பது.

நிற்க. இரண்டாவது காரணம் சிதறல். தோட்டத்தில் ஒரு குடும்பம் பெருகும்போது அடுத்தடுத்த காம்பராக்கள் கிடைப்பதில்லை. தந்தை முதலாம் லயத்திலும், மூத்தவன் நான்காம் லயத்திலும், இளையவன் கீழ்க்கணக்கிலுமாக இருப்பர். குடும்பத்தாரனைவருக்கும் ஒரு செய்தி சொல்ல வேண்டுமாயின் மலையேறி இறங்க வேண்டும். வன்தட்டிலும் இவ்வாறே. கோப்புக்களை அழித்தும் எழுதியும் வருங்கால், புதிய கோப்புக்குத் தொடர்ச்சியான இடம் அகப்படாது. அது துண்டு துண்டாகக் கிடைத்த இடங்களிற் குடியேறும். படிக்கும் முள் அங்குமிங்கும் ஓடி அத்துண்டுகளைக் கூட்டிவர வேண்டும். சிதறியவற்றை மீண்டும் ஓரிடத்தே சேர்ப்பதே டிஃப்ராக் என்னும் ஒழுங்குபடுத்தல்.

விண்டோஸ் இயங்குதளம் 2007-ல் வெளிவந்த விஸ்டா முதலாக இதனை வாரந்தோறும் தானாகவே செய்ய முயல்கின்றது. ஆனால் கணினி ஓய்ந்திருக்கும் வேளையிலேதான் செய்யும். மின்கட்டணத்துக்கு அஞ்சி, வேலை முடிந்த கணமே கணினியை நிறுத்திவிடும் வீடுகளிலே அதற்கு வேளை ஏது? அன்றியும், துண்டுகளை இடம் மாற்றுவதற்கு வன்தட்டிலே ஏறத்தாழ 15 சதவீதம் வெற்றிடம் இருத்தல் நன்று. இவ்வீட்டுக் கணினியிலோ உறவினர் கலியாணங்களும் சினிமாப் படங்களும் நிறைந்திருந்தன.

ஆகவே நாம் செய்தவை இவை. முதலிற் பாடக்குறிப்புக்களை வேறொரு பென் டிரைவிலே பிரதி செய்தோம். மலைநாட்டு மழைக்காலத்திலே மின்சாரம் எப்போது போகுமென்று யாரறிவார்? கலியாணப் படங்களையும் பிரதி செய்த பின்னர் வன்தட்டினின்றும் நீக்கினோம். வைரஸ் தடுப்பு நிரல்களில் ஒன்றையும், வேண்டாத தொடக்க நிரல்களையும் அகற்றினோம். மெய்நிகர் நினைவகத்தின் அளவை இயங்குதளமே தீர்மானிக்க விட்டோம். அதனை அடியோடு நிறுத்திவிடுதல் தவறு. பின்னர் டிஃப்ராக்கைத் தொடக்கி, இரவு முழுவதும் இயங்கவிட்டோம். ஓர் எச்சரிக்கை: எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பகம் உள்ளவர்கள் டிஃப்ராக் செய்ய வேண்டுவதில்லை. அதிலே சுழலும் தட்டுமில்லை, ஓடும் முள்ளுமில்லை. சிதறலால் அதற்குத் தாமதம் மிகக் குறைவு. வீணே எழுதி அழிப்பதால் அதன் ஆயுளே தேயும்.

மறுவாரம் சென்றபோது, தேநீர் பாதி தீருமுன் கணினி விழித்துக்கொண்டது. பழையது புதியதாகிவிடவில்லை, மெய்நிகர் நினைவகம் உண்மை நினைவகத்துக்கு ஈடாகாது. இன்னுமொரு நினைவகத் தகடு பொருத்தினால் மேலும் நன்மையுண்டு. அதற்குச் செல்லும் பணம் புதுக் கணினியின் விலையிலே சிறு பங்குதான். தோடு அம்மாளின் காதிலேயே இருந்தது.

எனினும் நம்மை வாட்டியது பையன் கூறிய ஒரு வார்த்தை. "சேர், மெய்நிகர் நினைவகத்தையும் டிஃப்ராக்கையும் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருக்கேன். அது எங்க வீட்டுப் பெட்டிக்குள்ளேயே நடக்குதுன்னு நினைக்கவே இல்லை."

பிழை அவனுடையதன்று, வரைவிலக்கணத்தைச் சொல்லிக் கொடுத்ததோடு அமைந்துவிட்ட நம் போன்ற ஆசிரியர்களுடையது. பெற்றோர்களே, கணினி களைத்தால் கடைக்காரரைக் கேட்குமுன் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். மாணவர்களே, விடைத்தாளில் எழுதுவதை ஒருமுறை வீட்டிலே செய்து பாருங்கள். கற்ற கல்வி தாயின் தோட்டைக் காக்குமெனின், அதனினும் சிறந்த சித்தி வேறேது?