சபாபதியும் நாமும்

கற்றறிந்தோர் கூடிய அவையில், நுமக்கு மிக உவந்த திரைப்படம் யாதென ஒருவர் வினவின், ஆழ்ந்த பொருளுடைய படமொன்றின் பெயரைச் சொல்லித் தப்பிக்கொள்வதே நம் வழக்கம். உள்ளத்தில் எழும் பெயரோ வேறு. அது 1941-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெளிவந்த 'சபாபதி'. இவ்வாண்டு மலரிலேனும் அவ்வுண்மையை ஒளியாது உரைக்கத் துணிந்தோம்.

பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏ. வி. மெய்யப்பன், ஏ. டி. கிருஷ்ணசாமி ஆகிய இருவரும் இயக்கிப் படமாக்கினர். செல்வர் வீட்டு மைந்தனாகிய சபாபதி முதலியாராக டி. ஆர். ராமச்சந்திரனும், அதே பெயருடைய வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். எசமானனுக்கும் ஏவலனுக்கும் பெயர் மட்டுமன்று, மந்தபுத்தியும் ஒன்றே. ஜப்பான் போரிற் புகுந்த அதே திங்களில் வந்த இப்படம், அச்சம் சூழ்ந்த நாளில் மக்களை வயிறு குலுங்க நகைக்கச் செய்தது.

இதன் குறைகளை மறைக்கமாட்டோம். கதையென்று சொல்லத்தக்கது மிகச் சிறிது. வேடிக்கைகளே ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன. தமிழாசிரியரும் கேலிக்கு ஆளாகிறார். வேலைக்காரனின் அறியாமையோ படம் முழுதும் நகைப்புக்கு இரையாகிறது. ஆகவே இப்படத்தை விரும்புவதில் நமக்கு நாணமுண்டு. ஆயினும் அந்நாணம் ஒன்றன்று, இரண்டு என்பதை அண்மையிலேதான் உணர்ந்தோம்.

முதலாவது, படம் இலேசானது என்னும் நாணம். இது வேண்டாதது. காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டில் வடமொழியில் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் கேலி நாடகம் இயற்றினான். அதன் கதை நிகழ்வதும் காஞ்சியிலேயே. குடித்து மயங்கிய காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்த பிக்கு திருடினாரென வழக்காடுகிறான். கவ்விச் சென்றதோ ஒரு நாய். குன்றைக் குடைந்து கோயில் கண்ட வேந்தனே வெறும் நகையை இழிவென எண்ணவில்லையாயின், நாம் அதற்கு நாணுவானேன்?

இரண்டாவது நாணம் வேறு வகையது. காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில், நண்பரொருவர் இல்லத்தில் இப்படத்தை மீண்டும் கண்டோம். பிறர் தறியிற் கூலிக்கு நெய்தே முதுமை எய்திய பெரியவர் ஒருவரும் உடனிருந்தார். வேலைக்காரன் வசை பெறுந்தோறும் நாமும் பிறரும் நகைத்தோம், அவர் நகைக்கவில்லை. எசமானன் செய்வதறியாது விழித்தபோது, எல்லாரினும் உரக்க நகைத்தவர் அவரே. அன்று அவர் முகத்தை நோக்கியபின், நம் நகைப்பைச் சிறிது ஆராயலாயினோம்.

நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கென்பது தொல்காப்பியம். எள்ளலும் பேதைமையும் அவற்றுட் சேர்ந்தவை. பேதைமை கண்டு நகைக்கையில், நம் பேதைமையும் நினைவுக்கு வருதலால், நகைப்பவனும் நகைக்கப்படுபவனும் ஒருநிலையினர் ஆகின்றனர். எள்ளல் மற்றவனைத் தாழ்த்தி நிறுத்துகிறது. 'சபாபதி'யில் இவ்விரண்டும் விரவியுள்ளன. இருவர்க்கும் ஒரே பெயரிட்டு, பொருள் படைத்தவனும் பொருளற்றவனும் அறிவின்மையில் உடன்பிறந்தாரே எனக் காட்டுமிடத்து இப்படம் உயர்கின்றது. வசை வாங்குவோன் ஏவலனே என்றாகுமிடத்துத் தாழ்கின்றது.

"வேடிக்கைப் படந்தானே, இத்துணை ஆராய்ச்சி எதற்கு?" என்பார் உளர். வேடிக்கையென்று விட்டுவிடுதல் படத்துக்கும் பெருமையன்று, பார்ப்போர்க்கும் பெருமையன்று. குறையுடையதாதலின் இதைத் தள்ளிவிடுவோம் என்பாரோடும் நாம் உடன்படோம். நண்பரிடத்துக் குறை கண்டு நட்பை விடுகிறோமா? விடுவதில்லை, அக்குறையைக் குணமென்று பிறரிடம் புகழ்வதுமில்லை.

'சபாபதி'யை இனியும் காண்போம். ராமச்சந்திரனின் உருண்ட விழிகளைக் கண்டதும் நகைப்போம். ஏவலன் வசை பெறும் இடங்களில் மட்டும், முசரவாக்கத்துப் பெரியவரைப் போல் வாளா இருப்போம். இனி அவையோர் வினவினும் இப்பெயரையே சொல்லுவோம்.