“குடிச்சிட்டு கிடக்கான்”: இந்த டயக்னோசிஸை உங்களுக்கு யார் சொன்னா?

1/ ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துல, செத்துப்போன நம்ம ஆளுங்களுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிறோம். அதே படித்துறை ஓரம் ஒருத்தர் அசையாம கிடந்தா? “குடிச்சிட்டு கிடக்கான்”னு தாண்டிப் போயிடறோம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட், ஜங்ஷன் எங்கேயும் இதே கதைதான்.

2/ பார்த்த மாத்திரத்துல அது போதைதான்னு டாக்டரான என்னாலயே சொல்ல முடியாதுங்க. ரத்தத்துல சர்க்கரை தாழ்ந்தாலும் பேச்சு குழறும், நடை தள்ளாடும். தலையில அடி, பக்கவாதம், வலிப்புக்குப் பிந்தைய மயக்கம், வெப்பத் தாக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும்.

3/ சரி, குடிச்சவராவே இருக்கட்டும். மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தா, அது மூச்சுக்குழாய்ல போய் உயிரே போகலாம். குடிச்சவர் உயிர்னா மலிவா?

4/ கூப்பிடுங்க, தோளைத் தட்டுங்க. பதில் இல்லையா? உடனே 108. மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மூச்சு இல்லைன்னா 108-ல சொல்றதைச் செய்யுங்க. வாயில தண்ணி, சோடா எதையும் ஊத்தாதீங்க.

5/ “போலீஸ், கேஸ்னு அலைய விடுவாங்க”ங்கறீங்களா? சாலை விபத்துல உதவறவங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவுல பாதுகாப்பு இருக்கு. மனநோயோட தெருவுல திரியறவங்களைப் பாதுகாத்து, 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோறது போலீஸோட கடமை. லாக்கப்ல வைக்கக் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-வது பிரிவு.

6/ தனியா போகப் பயமா? பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக்குங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நில்லுங்க. “வேற யாராவது ஃபோன் பண்ணியிருப்பாங்க”ன்னு மட்டும் நம்பாதீங்க. அங்க நிக்கிற அத்தனை பேரும் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்காங்க.