டிராயருக்குள் தூங்கும் முடிவுகள்

பந்து எறியப் பழகும் பிள்ளையிடம், ‘திருத்தம் எப்போ வேணும்னு நீயே கேளு’ என்று விட்டுவிட்டால் நன்றாகக் கற்றுக்கொள்ளும். விளையாட்டு அறிவியலில் பல வருடங்களாக இப்படித்தான் நம்பினார்கள். சோதனைகளும் ‘ஆமாம்’ என்றன.

2022-ல் கனடாவின் பிராட் மெக்கே குழுவினர் அந்த ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஆய்விதழ்களில் வந்தவற்றில் பலன் பளிச்! அச்சேறாதவற்றிலோ கிட்டத்தட்ட பூஜ்யம். பலன் தெரிந்தால் அச்சுக்கு, தெரியாவிட்டால் மேசை டிராயருக்கு. (‘பலன் இல்லை’ என்று செய்தி வந்தால் எங்கள் டெஸ்க்கிலும் தள்ளித்தான் வைப்போம்.) பல சோதனைகளில் ஆட்களும் குறைவு.

இப்போது சில ஆய்விதழ்கள் சோதனை தொடங்கும் முன்பே திட்டத்தைப் பரிசீலித்து, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடச் சம்மதிக்கின்றன.

பிள்ளையைக் கேட்டுத் திருத்துங்கள், தப்பில்லை. அதனால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குத்தான் சாட்சி போதவில்லை.