வெக்கையும் வீதியும்

மன்னார் நகர வீதியில் நண்பகல் வேளையிற் சற்று நின்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். மோட்டார் சைக்கிளில் விரைந்து செல்லும் இளைஞர் பலர் மெல்லிய அரைக்கைச் சட்டையும் இறப்பர்ச் செருப்பும் அணிந்திருப்பர். தலைக்கவசம் சிலருக்கு முழங்கையிலே தொங்கும். சிலருக்குத் தலையில் இருப்பினும், அதன் வார் பூட்டப்படாது காற்றில் ஆடும். காரணம் வினவினால், "வெக்கை தாங்க முடியவில்லை, சேர்" என்னும் ஒரே விடை வரும்.

இவ்விடையை எள்ளி நகையாடுதல் முறையன்று. நிழல்தரு மரங்கள் அருகிய மணற்பாங்கான தீவு இது. வெண்மணலும் தார் வீதியும் வெயிலை மீண்டும் முகத்தில் எறியும். ஆயினும், வெக்கைக்கு மருந்து உடையைக் குறைப்பதா, தக்க உடையைத் தேர்ந்தெடுப்பதா என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய வினாவாகும்.

வெயிலோடு வாழ்வோரை முதலிற் பாருங்கள். நம் கடற்றொழிலாளர் பலர் தலையிலே துணி கட்டி, முழுக்கைச் சட்டை அணிந்தே கடலுக்குச் செல்வர். பாலைவன அராபியரோ உச்சி முதல் உள்ளங்கால் வரை தளர்ந்த அங்கியால் மூடிக்கொள்வர். அவர்களுள் ஒரு சாரார் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த விஞ்ஞானிகள், 1980 ஆம் ஆண்டிலே தம் முடிவை வெளியிட்டனர். கறுப்புத் துணி மிகுந்த வெப்பத்தை உறிஞ்சுவது உண்மையே. ஆனால் அம்மிகை வெப்பம் தோலை அடையுமுன்னரே, தளர்ந்த அங்கியினுள் உலாவும் காற்றினால் வெளியேறிவிடுகிறது. வெண்ணிற அங்கி அணிந்தவர்க்கும் கறுப்பு அங்கி அணிந்தவர்க்கும் தோலை அடைந்த வெப்பம் ஒன்றாகவே இருந்தது. உடலை மூடவும் வேண்டும், உள்ளே காற்று உலாவவும் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இப்பாடத்தைப் பாலைவனத்திலே நேரிற் கற்ற ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அராபிய உடை தரித்து அவர்களோடு வாழ்ந்த லோறன்ஸ் என்பவரே அவர். வெயிலுக்கு உடுக்க அறிந்த அவருக்கு வீதிக்கு உடுக்கும் கவசம் அந்நாளில் வழக்கில் இல்லை. 1935 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆந் திகதி, இங்கிலாந்தின் நாட்டுப்புற வீதியொன்றிலே, துவிச்சக்கர வண்டியில் வந்த இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்கத் தம் மோட்டார் சைக்கிளைத் திருப்பியவர் தூக்கி எறியப்பட்டார். தலையிற் பட்ட காயத்தால் ஆறு நாட்களின் பின் உயிர் நீத்தார். அவரைப் பார்வையிட்ட வைத்தியர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் அத்துடன் அமைந்துவிடவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, கவசத்தின் இன்றியமையாமையை 1941 இல் எடுத்துக் காட்டினார். பிரித்தானிய இராணுவமும் அவ்வாண்டே மோட்டார் சைக்கிளிற் செல்லும் தன் வீரருக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. பிற்காலத்தில் 61 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், தலைக்கவசம் மரண அபாயத்தை 42 வீதமும் தலைக்காய அபாயத்தை 69 வீதமும் குறைக்கிறதென 2008 இல் அறிவித்தனர்.

"நான் மெதுவாகத்தானே போகிறேன்" என்பார் உளர். ஐந்தடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகம் பெற்றிருக்கும். நின்ற வண்டியிலிருந்து சரிந்தாலும் தலைக்கு வரும் அடி சிறிதன்று.

கவசத்தின் உட்புறத்தே இருப்பது, பேசாலையிலிருந்து மீன் ஏற்றும் பெட்டிகளிற் காணப்படும் ரெஜிபோம் போன்ற பொருளே. அது நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் ஏற்கிறது. ஒருமுறை நசுங்கினால் மீண்டும் பழைய நிலையை அடையாது. ஆதலின், பலத்த அடிபட்ட கவசம் வெளியே பழுதற்றுத் தோன்றினும் அதனை விலக்குக. வாங்கும்போது தர முத்திரை உண்டா, தலையில் இறுகப் பொருந்துகிறதா, காற்றுத் துளைகள் உள்ளனவா, உள்விரிப்பைக் கழற்றித் துவைக்கலாமா எனப் பாருங்கள். முகத்தையும் மூடும் கவசம் தாடையைக் காப்பதோடு, சோளகக் காற்று வாரி இறைக்கும் மணலிலிருந்து கண்ணையும் காக்கும். கடலின் நடுவே செல்லும் தாம்போதியில் பக்கக் காற்றுக்கு எதிராக வண்டியோட்டியவர்க்கு இதன் அருமை தெரியும்.

தலைக்கு அடுத்தவை காலும் கையும். விழுபவன் தன்னையறியாமலே கையை ஊன்றுகிறான். ஆகவே கையுறை வேண்டும். கணுக்காலை மூடும் சப்பாத்து வேண்டும். மெல்லிய பருத்திச் சட்டை தார் வீதியில் உராய்ந்தவுடன் கிழியும். நைலோன் துணியோ உராய்வின் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். தடித்த டெனிம் காற்சட்டை இவற்றினும் மேலானதெனினும், அதுவும் நெடுநேரம் தாங்காது. தோலாடை நன்று, நம் வெயிலுக்கு அது கடினம். இக்காலத்தில், மார்பிலும் முதுகிலும் காற்றுப் புகும் வலைத்துணியும், தோளிலும் முழங்கையிலும் உறுதியான துணியும் மெத்தையும் அமைந்த மேற்சட்டைகள் கிடைக்கின்றன. அவுஸ்திரேலியாவில் 2018 முதல் இத்தகைய உடைகளைப் பரிசோதித்து, காக்கும் திறனுக்கு ஒரு புள்ளியும் வெப்பத்தில் அணியும் இதத்துக்கு வேறொரு புள்ளியும் வழங்கி வருகின்றனர். பொருள் வசதி குறைந்தோர் முதலில் தலைக்கவசம், பின்னர் சப்பாத்து, அதன்பின் கையுறை, இறுதியில் மேற்சட்டை என ஒவ்வொன்றாக வாங்கலாம்.

தாய்மாருக்கும் ஒரு சொல். காற்றில் அலையும் சேலைத் தலைப்பும் சால்வையும் பின்சக்கரத்துக்கு இரையாகலாம். புகழ்பெற்ற நடனமாது இசடோரா டங்கன் 1927 இல் மாண்டது, கழுத்துச் சால்வை கார்ச் சக்கரத்திற் சிக்கியதனாலேயே. தலைப்பை இடுப்பிற் செருகி, சக்கரத்துக்கு மறைப்பும் இட்டுக்கொள்ளுங்கள். தந்தையர்க்கும் ஒரு வினா. பொலிஸாருக்கு அஞ்சி நீங்கள் கவசம் அணிகிறீர்கள். முன்னே அமர்ந்திருக்கும் குழந்தையின் வெறுந்தலைக்கு யார் பொறுப்பு?

இரவிற் செல்வோர் வெளிர்நிற உடை அணிக. அது வீதியில் வரும் பிற வாகனத்தார் கண்ணுக்குப் புலனாகும். வீதியிற் படுத்திருக்கும் கழுதையும் மாடும் எதிர்பாராது எழும் ஊர் இது. கறுப்புக் கண்ணாடியை இரவில் நீக்குக. பகலில் ஓடும்போது வியர்வை உடனுக்குடன் உலர்வதால் நீரிழப்பு நமக்குத் தெரிவதில்லை. ஆகவே தாகம் எடுக்குமுன் நீர் அருந்துக. நீண்ட பயணங்களைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நன்று.

மாணவர்களே, வெக்கையால் வரும் துன்பம் வண்டியை நிறுத்தி, நிழலில் ஒரு செம்பு நீர் அருந்தியவுடன் நீங்கும். தலைக்காயத்தால் வரும் துன்பமோ ஒரு குடும்பத்தின் வாழ்நாள் முழுதும் நீங்காதிருக்கலாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது நம் முன்னோர் மொழி. தலைப்பாகை தலையில் இருந்தாலன்றோ அது அதனோடு போகும்?