பொன்னி வந்த வழி

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் மேஹாவில் நாம் வாங்கும் பொன்னி அரிசி தமிழ்நாட்டுச் சரக்கு. அதன் தாய் நெல் மலாயாவுடையது.

1950களில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ஆசிய நாடுகளுக்காக ஒடிசாவின் கட்டாக்கில் நெல் இனக்கலப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. நம் மலாயாவின் மாயாங் எபோஸ் 80, தைவானின் தைச்சுங் 65 என்ற இரு நெல் ரகங்களையும் அங்கே இனக்கலப்பு செய்தார்கள். கொழும்புத் திட்ட உதவியில் வந்த ஜப்பானிய வல்லுநர்கள் அந்த வித்துகளை இங்கே விளைவித்துத் தேர்ந்தார்கள். 1965இல் வெளியான ரகத்துக்கு லங்காவிப் பழங்கதை நாயகி மஹ்சூரியின் பெயர்.

அது ஆந்திரத்துக்குப் போனபோது, கதிர் முற்றினால் சாய்கிறது என்று ஆய்வாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அங்கே வேலை செய்த கூலியாள் ஒருவர்தாம் கொஞ்சம் விதையை ஊருக்கு எடுத்துப்போய் விதைத்தார். உரம் அதிகம் கேட்காத நெல். வயல் விட்டு வயல் பரவிவிட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி அதன் வழி வந்ததே. பல நாட்டு விஞ்ஞானம் ஒரு கூலியாளின் மடியில்தான் ஊர் போய்ச் சேர்ந்தது.

மஹ்சூரி நெல் வெளியான அதே 1965இல் உலக வங்கி கெடாவின் மூடா சமவெளி நெல்வயல்களின் பாசனத்துக்கு 4.5 கோடி அமெரிக்க டாலர் கடன் தந்தது. மூடா, பெடு அணைகள் எழுந்தன. சுமார் 96,000 ஹெக்டரில் இருபோகம் விளைந்தது. முதலில் கூலிக்காரர்களுக்கும் வேலை கூடியது, மறுக்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் இறங்கின. அறுப்பும் கதிரடிப்பும் போயின. பின்னர் நேரடி விதைப்பு வந்து, பெண்களின் நடவு வேலையும் குறைந்தது. அங்கே தங்கி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் இந்த இழப்பை 1985இல் நூலாக எழுதினார். இழந்தவர்களில் பலர் நிலமில்லா மலாய்க் குடும்பங்கள்.

தோட்டத்துத் தமிழருக்கு அவர்கள் துயரம் நன்றாகப் புரியும். ரப்பர் மறுநடவு மானியம் நிலம் உள்ளவர்களுக்கே போனது. பால்மரம் சீவியவருக்கு அதில் பங்கு இல்லை. மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது லய வீட்டையும் விட்டு வெளியேறியவர்கள் நம்மவர்கள்.

1980 முதல் மலேசியாவே வளரும் நாடுகளுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி தருகிறது. அந்தப் பயிற்சியில் மூடாவின் விளைச்சலைக் காட்டும்போது, அங்கே வேலை இழந்தவர்களையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். நிலமில்லாத கூலியாளுக்கு என்ன வழி என்று எழுதாத எந்த வேளாண் உதவி ஒப்பந்தத்திலும் நம் அரசு கையெழுத்திடக் கூடாது.