நடனத் துறைக்கு நூல் வாங்கும் முன்

எங்கள் பல்கலைக்கழகத்தில் நடன ஆய்வுக்கென முதுகலைப் படிப்பு தொடங்கவிருக்கிறது. நூலகத்திற்கு என்னென்ன வாங்கலாம் எனப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். மொழியியல் மாணவன் இதில் தலையிடுவதேன் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

பட்டியலுக்காக முதலில் இருப்பவற்றைத் தேடினேன். அபிநய தர்ப்பணம் வடமொழி அடுக்கில் இருந்தது. க்ஷேத்ரய்யாவின் பதங்கள் தெலுங்கில்; சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை தமிழில்; தேவதாசியர் பற்றிய ஆய்வுகள் சமூகவியலில். ‘நடனம்’ என்ற அடுக்கில் எஞ்சியவை பயிற்சிக் கையேடுகள் சிலவே. டூயி பகுப்புமுறையில் நாட்டு நடனங்களுக்குரிய 793.3 என்னும் எண், உள்ளரங்க விளையாட்டுகளும் பொழுதுபோக்குகளும் என்ற பிரிவில் அடங்குவது. எண்ணை நாம் மாற்ற இயலாது. ஆனால் சிதறிக் கிடப்பவற்றை ஒரே பொருட்தலைப்பின்கீழ் அட்டவணையில் இணைக்கலாம். அதற்குப் பணம் வேண்டாம். நடனமும் மொழிகளும் அறிந்த ஒருவரின் உழைப்பு வேண்டும்.

பணம் வேண்டியது வேறொன்றுக்கு. இதுவரை வந்துள்ள பரிந்துரைகள் பெரும்பாலும் அயல்நாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கில நூல்கள். அவையும் தேவையே. எனினும், பேச்சுப் பதிவு ஒன்றுமின்றி இலக்கண நூலை மட்டும் கொண்டு ஒரு மொழியை ஆராய்ந்தால், இலக்கண ஆசிரியர் எழுதத் தக்கதெனக் கருதியது மட்டுமே நமக்குக் கிட்டும். நடனமும் அத்தகையதே. ஒரு முத்திரையின் பயன்களை அபிநய தர்ப்பணம் வரிசைப்படுத்திவிடும். அம்முத்திரை எக்கணத்தில் மலர்ந்து எக்கணத்தில் தளர்கிறது என்பதை ஆட்டம்தான் காட்டும். சத்யஜித் ரேயின் ‘பாலா’ ஆவணப்படம் 1976-இல் வெளிவந்தது. 1918-இல் பிறந்த பாலசரஸ்வதி அப்போது ஐம்பது வயதைக் கடந்திருந்தார். அவரது இளமைக்கால ஆட்டத்தைப் பெரிதும் பிறர் எழுதிய சொற்களின் வழியாகவே இன்று நாம் அறிகிறோம்.

அவ்விழப்பு இன்றும் தொடர்கிறது. ஆசிரியர்களின் வீட்டு அலமாரிகளில் விஎச்எஸ் நாடாக்கள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன. நட்டுவனார்கள் சொற்கட்டுகளைக் குறித்துவைத்த குறிப்பேடுகள் பழைய தாள்களோடு எடைக்குப் போகின்றன. அச்சு நூலை அடுத்த ஆண்டும் வாங்கலாம். நாடா காத்திராது.

நியூயார்க் பொது நூலகம் 1944-இலேயே நடனத்திற்கெனத் தனித் தொகுப்பைத் தொடங்கிற்று. அதில் நூல்களோடு திரைச்சுருள்களும் கடிதங்களும் உள்ளன. இசைப்பதிவுகளைப் பேண, 1982-இல் தொடங்கப்பட்டு இன்று குருகிராமில் இயங்கும் இன இசையியல் ஆவணக்காப்பகம் நம் நாட்டிலேயே இருக்கிறது. வழி தெரியவில்லை என்று நாம் சொல்ல முடியாது.

ஆகவே என் பரிந்துரை இதுதான்: முதலாண்டு நிதியில் பாதியை மின்னாக்கத்திற்கு ஒதுக்குங்கள். உரியவரின் எழுத்துவழி இசைவின்றி எதையும் பொதுவில் வைக்காதீர்கள். ஒரு படியை அக்குடும்பத்திற்கே திருப்பிக் கொடுங்கள். ஆடியவர் பெயரோடு, கற்பித்தவர், பாடியவர், மத்தளம் வாசித்தவர் பெயர்களையும் அட்டவணையில் பதியுங்கள். பரம்பரைக் கலைஞர் பலரின் பெயர்கள் ஏற்கெனவே ஒருமுறை வரலாற்றிலிருந்து உதிர்ந்துவிட்டன. நம் அட்டவணையிலும் அவை உதிர வேண்டாம்.